அது யார் பேச்சைக் கேட்டு வளர்ந்தது

இன்று பீளமேட்டில், நம் ஹரிணி ஆராய்ச்சிப் படிப்பு படித்த காலேஜில், டீயோடு தேங்காய் பன் கொடுத்தார்கள். சூடு ஆறாத பன். வெண்ணெயும் சர்க்கரைத் தேங்காயும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கை தானாக அதைப் பிட்டது. பிட்ட பிறகுதான் கவனித்தேன், தேங்காய் அதிகம் இருந்த பாதியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன். மில் வாசலுக்கு எதிரே இருந்த பேக்கரியில் நாம் ஒரு பன்னை வாங்கி இரண்டு பேராகத் தின்று எத்தனை காலமாயிற்று. எனக்கு மறந்தாலும் கைக்கு மறக்கவில்லை. தேங்காய்ப் பக்கம் உனக்கு. அதில் பேச்சே கிடையாது.

உனக்கு நான் மடல் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தபோது அதற்குத் தேவை வரவில்லை. போத்தனூரில் ஒரே லைன் வீடு, நடுவில் ஒரு சுவர். சுவரில் தட்டினால் உனக்குக் கேட்காது, ஆனால் அதிர்வு தெரியும், வந்துவிடுவாய். இப்போது எதைத் தட்டுவது என்று தெரியாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவளின் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று நின்றுபோயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீ டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாயே, நினைவிருக்கிறதா? அவர் பதில் சொன்னார். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. உள்ளங்கையைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, "அப்புறம் சொல்கிறேன்" என்று உனக்கு ஜாடை காட்டினேன். அந்த அப்புறம் இன்றைக்குத்தான் வந்தது.

முதலில் ஹரிணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி இன்றிலிருந்து டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நீ முழங்காலை நீட்டி மாத்திரை கேட்பாய். நம் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத செல் என்று இருக்கிறதே, அது வெளியே இருந்து வருகிற சேதியை எப்படி வாங்குகிறது, வாங்கியதும் யாரோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று பார்க்கிற படிப்பு. எங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு படிப்பை யாரும் படித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அவள் அந்தப் படிப்புக்குப் போனதே உன்னால்தான். பி.எஸ்.ஸி. முடித்த கையோடு திருப்பூரில் இருந்து ஒரு வரன் வந்தது. முன்னறையில் ஹரிணியைப் பெற்ற என் மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "படிச்ச வரைக்கும் போதும், தையில முடிச்சுப்போடலாம்" என்று அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். கேட்டு என்ன? வாய் வராது. கால் எழாது. நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்ளும். உன் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். கழுத்தில் தாலி கட்டுகிற மாதிரி காட்டி, புத்தகத்தை மூடுகிற மாதிரி காட்டினேன். அவ்வளவுதான். உரித்த வெங்காயம் கையில் இருக்க எழுந்து போய்விட்டாய்.

"ஏனுங்க மாப்ள, புள்ள இன்னும் படிக்கோணும்னு சொல்றா. படிக்கட்டும் உடுங்க."

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க அத்தனை படிப்பு? நல்ல எடமா வருது, உட்டுப்போட்டா திரும்ப வருமுங்களா?" என்றார் அண்ணன்.

"ஆமாங், அதத்தான் நானுஞ் சொல்றேன். சரின்னுட்டீங்க, சந்தோசமுங்க. இருங்க, டீ கொண்டாரேன்."

அவர்கள் சொன்ன மறுப்பு ஒன்றுகூட உன் காதில் விழவில்லை. நீ சொன்னது மட்டும் தெரு வரைக்கும் கேட்டது. டீயைக் குடித்துவிட்டு அண்ணன் போய்விட்டார், பேச்சு அதோடு நின்றது. "நெசமாலுமே கேக்கலையா புள்ள, கேக்காத மாதிரி இருந்தயா?" என்று நான் பிறகு ஜாடையில் கேட்டதற்கு, "எது தோதோ அது" என்று சொல்லி மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாய்.

நம் கூட்டே அப்படித்தான். சின்ன வயதில் சீழ் வந்து உனக்கு ஒரு காது போயிற்று; மற்றதை ஸ்பின்னிங் மிஷின்களின் சத்தம் தின்றது. நான் சத்தம் குறைந்த, நூல் சுற்றுகிற ரீலிங் பக்கம் இருந்ததால் தப்பினேன். நீ வேலை செய்த கூடத்தில் எல்லோருமே கையால்தான் பேசினீர்கள். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு ஆள்காட்டி விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்தது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்தால் பிணைத்தாயிற்று. உள்ளங்கையால் நெஞ்சில் ஒரு தட்டு, விளங்கிவிட்டது. அந்தக் கைப்பேச்சை மில் கேட்டுக்கு வெளியேயும் கொண்டுவந்து எனக்குக் கற்றுக்கொடுத்தாய். பிறகு பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதை நான் கேட்பேன், உன்னைத் தட்டுவேன், நீ முண்டியடித்து ஏறி இரண்டு சீட் பிடிப்பாய். நான் மட்டும் தனியாக நின்றிருந்தால் கடைசி பஸ்ஸும் போன பிறகு நடந்துதான் வீடு வந்திருப்பேன்.

பிறகு உன் மாரில் அந்தக் கட்டி வந்தது. குளிக்கும்போது உன் கையில் பட்டது. ஆபரேஷன் ஆயிற்று. வெட்டி எடுத்ததைச் சோதித்து ரிப்போர்ட் வந்த நாளில் டாக்டரம்மா முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வேகமாக வளர்கிற சாதி, அதற்கென்றே தனி மருந்து இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னதையெல்லாம் நான் கையால் உனக்குச் சொன்னேன். நீ மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டாய்.

"ஏனுங் டாக்டரம்மா, எம்பட ஒடம்புக்குள்ள இருந்துக்கிட்டு அது எம்பேச்சக் கேக்கல. அப்பறம் யாரு பேச்சக் கேட்டு இப்படி வளந்துச்சு?"

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல மனுசி. பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அதில் ரிசப்டர் என்று ஒரு வார்த்தை வந்தது, சிக்னல் என்று ஒன்று வந்தது. சிக்னல் என்றால் எனக்குத் தெரிந்தது போத்தனூர் ஜங்ஷனில் கம்பத்தில் எரிகிறதுதான். அதை உன் மாரில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? உள்ளங்கையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாய். "என்னங்கறாங்க அம்மணி?"

மருந்துக்குக் கேட்கும் என்கிறார் என்று காட்டினேன்.

"அது மருந்துக்கு. நான் கேட்டது வேற" என்றாய்.

சொட்டு மருந்து ஏறுகிற அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். உன் ஒரு கையில் ஊசி, இன்னொரு கை என் கையில். அப்படிக் கைக்கு வேலை கொடுத்துவிட்டால் பேச முடியாது என்பதால் அடிக்கடி உருவிக்கொள்வாய். "நோவு மாருலங்கறாங்க, படம் புடிக்கறது நெஞ்சுக்குள்ளங்கறாங்க. எடம் தெரியாமத் தேடறாங்களாட்ட இருக்குது" என்று சத்தமாகச் சொல்வாய், பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புருவத்தைத் தூக்கி, கையைத் தோளுக்குப் பின்னால் காட்டுவாய். அப்புறம் வந்துவிட்டதா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இத்தனை நாள் இப்படி இருந்திருக்காது.

சில வருசம் நன்றாக இருந்தாய். திரும்ப வந்தபோது பழைய மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது மருந்து ஏறிய பிறகு முகத்தில் தெளிவு வந்தது. அந்தப் பொங்கல் நோம்பிக்குக் கரும்பைக் கடித்துத் தின்றாய், என் பல்லைக் கேலி செய்தாய். எனக்கு அந்த நோம்பி போதவில்லை. பிறகு எந்த மருந்துக்கும் அது நிற்கவில்லை.

இன்றைய கதைக்கு வருகிறேன். ஹரிணியின் படிப்பு முடிகிற கடைசிப் பரிட்சை அறைக்குள் மூடி வைத்து நடக்காதாம்; எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமாம். வாசலில் ஒரு தாளில் வந்தவர்கள் எல்லாம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் பதவி என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாம் பேராசிரியர், பேராசிரியர் என்று எழுதியிருந்தார்கள். அவள் அம்மாவைப் பெற்றவள் வேறென்ன எழுதுவது, நான் அம்முச்சி என்று எழுதினேன். அந்தத் தாளை வைத்திருந்த பையன் பார்த்துவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

ஹரிணி இங்கிலீஷில் பேசினாள். தண்ணீர் குடிக்காமல், திக்காமல், ஆற்றில் தண்ணீர் போகிற மாதிரி பேசினாள். சுவரில் பெரிய படம் விழுந்தது. நீளமாக ஒரு வேலி மாதிரி, அதில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக என்னென்னவோ குத்திட்டு நின்றன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முன் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வெளியூரில் இருந்து பரிட்சை வைக்க வந்த ஐயா நிறையக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் திரும்பி எங்களைப் பார்த்து, "வந்திருக்கறவங்க யாராச்சும் கேக்கறதுன்னா கேக்கலாம்" என்றார்.

எனக்குக் கேட்டது. என் முழங்கை இடது பக்கம் போயிற்று, உன்னைத் தட்டுவதற்கு. நீ இருந்திருந்தால் நான் தட்டி முடிப்பதற்குள் எழுந்திருப்பாய். அங்கே ஹரிணியின் பைதான் நாற்காலியில் இருந்தது.

ஐயா தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவர் அடுக்கி முடித்தால் இனி எந்த ஊரில், எந்த நாளில், யாரிடம் போய்க் கேட்பேன்? எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதே. மாப்பிள்ளை திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"ஏனுங்க... அந்த நோவு யாரு பேச்சக் கேட்டு வளருதுங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஹரிணி கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது யார் கேள்வி என்று தெரியும்; போத்தனூர் அம்முச்சி என்று அவள் கூப்பிடுகிற உன் கேள்வி. பிறகு தமிழில் சொன்னாள். பரிட்சை ஐயாவுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னாள்.

"அம்முச்சி, ஒவ்வொரு செல்லுக்கும் தோலு மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. இந்தப் படத்துல வேலியாட்டத் தெரியுதில்ல, அதுதான். அதுல குத்தி நிக்கறது ஏற்பி, ரிசப்டர்னு சொல்றோம். வெளிய நீட்டிட்டு இருக்கறது சேதி வாங்கும். சேதி கிடைச்சதும் பக்கத்துல நிக்கற இன்னொரு ஏற்பியோட ஜோடி சேரும். ஜோடி சேந்தாத்தான் உள்பக்கம் வேலை நடக்கும். ஒண்ணு மேல ஒண்ணு குறி வெக்கும். அந்தக் குறியப் பாத்து உள்ள இருக்கற மத்த புரதங்க வந்து ஒட்டிக்கும். அதுக கைமாத்திக் கைமாத்திச் சேதியை நடு வரைக்கும் கொண்டு போகும். வளரு, பெருகுன்னு."

"சரி கண்ணு. சேதி சொல்றது யாரு?"

"அங்கதானுங் அம்முச்சி விசயம். போத்தனூர் அம்முச்சிக்கு வந்ததுல ஒரு ஏற்பி அளவுக்கு மீறி முளைச்சுப் போச்சு. அதுக்குக் காதே கிடையாதுங்க. அதுக்குன்னு வெளிய இருந்து சேதி எதுவும் வர்றதா இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கல. ஆனா கை மட்டும் எப்பவும் நீட்டியே இருக்கும், யாராச்சும் கெடைச்சாப் புடிச்சுக்கும். அதோட ஜோடிகள்ல ஒண்ணு இருக்குது. அதுக்குக் காது நல்லாக் கேக்கும். ஆனா தனியா நின்னு வேலை செய்யற தெம்பு கிடையாது. இருந்தாலும் துளிதான். கேக்காத அதுவும், செய்ய முடியாத இதுவும் சேந்தாங்கன்னா, அந்தக் குடும்பத்துலயே அதுதான் பலமான ஜோடி."

நான் நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அவள் செல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கோ பஸ் ஸ்டாப்பும் வெங்காயமும் தெரிந்தது.

"அவங்களுக்கு ரெண்டாவதா ஒரு மருந்து குடுத்தாங்களே, அது போய் அந்த நீட்டுன கையில உக்காந்துக்கும். ஜோடி சேர உடாது" என்றாள்.

அந்த மருந்து ஏறும்போதெல்லாம் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு அது எங்கே தெரியும்?

உட்காராமல் இன்னொன்றும் கேட்டேன். கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது. "அப்ப ஜோடி சேர்றதுதான் தப்புங்களா சாமி?"

ஹரிணி மேடையில் இருந்து இறங்கி என் பக்கத்தில் வந்துவிட்டாள். "இல்லீங் அம்முச்சி. ஜோடியில ஒரு தப்பும் இல்ல. அந்த ஏற்பி அளவாத்தான் இருக்கோணும், அது மீறிப் போச்சு, அவ்வளவுதான். நம்ம நெஞ்சு ஒழுங்கா அடிக்கறதுக்கே அந்தக் காதில்லாத ஏற்பி கேக்கற ஒண்ணோட ஜோடி சேரோணும். மருந்து அங்கயும் போய் அதத் தடுத்துருமோன்னுதான் போத்தனூர் அம்முச்சிக்கு நெஞ்சப் படம் புடிச்சுப் பாத்துட்டே இருந்தாங்க."

இடம் தெரியாமல் தேடவில்லை புள்ள. இடம் தெரிந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

"உக்காருங்கம்மா" என்று ஐயா சொன்னார். அப்போதுதான் நான் இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. பிறகு அவர் ஹரிணிக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தேங்காய் பன்.

ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள் ஹரிணி. இன்றைக்கு நான் பஸ்ஸில்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது மகள் வீடு சரவணம்பட்டியில், உனக்குத் தெரியும். கண்டக்டர் கூவியது கேட்டது. தட்ட ஆள் இல்லாததால் நானே முண்டி ஏறினேன். சீட்டும் பிடித்தேன். நம்பமாட்டாய். ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

பஸ் நகர்ந்ததும் உனக்குச் சொன்னேன். காதைத் தொட்டுக் கையை விரித்தேன்: இதற்குக் காது இல்லை. கையை நீட்டி வைத்தேன்: கை மட்டும் நீட்டியிருக்கும். அடுத்த கையால் காதைத் தொட்டுத் தலையசைத்தேன்: இதற்குக் கேட்கும். அந்தக் கையைத் துவள விட்டேன்: ஆனால் தெம்பில்லை. இரண்டு கையையும் கோத்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்தேன். நூலைப் பிணைக்கிற ஜாடை. அதற்கு வேறு ஜாடை தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே நம்மிடம் இருந்திருக்கிறது. விளங்காமல் இருந்தது எனக்குத்தான்.

அடுத்த நிறுத்தத்தில் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் ஏறி, என்னைத் தாண்டி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். காதில் பாட்டுக் கேட்கிற குமிழ். என் கைகளைப் பார்த்துவிட்டு ஒரு குமிழைக் கழற்றினாள்.

"பாட்டி, ஏதாச்சும் வேணுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒருத்திக்குச் சொல்லீட்டிருக்கறேன்."

"ஓ, வீடியோ காலுங்களா?" என்று என் மடியில் போனைத் தேடினாள். பையில் சுற்றி வைத்த பாதி பன்தான் இருந்தது. அதை அவளிடம் நீட்டினேன். தேங்காய்ப் பக்கம். சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றாள். நீயாக இருந்தாலும் அப்படித்தான், பசிக்கிற பிள்ளையைப் பார்த்தால் கொடுத்துவிடுவாய்.

அவள் தின்னும்போது மீதியையும் காட்டி முடித்தேன். கோத்த கைக்கு நடுவில் போய் உட்கார்கிற மருந்தைக் காட்டினேன். கடைசியாக, நெஞ்சு அடிப்பதற்கும் இதே கூட்டுத்தான் வேண்டும் என்று காட்டினேன். காட்டிவிட்டு, காற்றில் இரண்டு தட்டு. விளங்கியதா?

எப்போதும் நீதான் உள்ளங்கையால் நெஞ்சில் தட்டுவாய். பஸ் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச தூரம் காத்திருந்தேன். பிறகு என் கையையே எடுத்து, என் நெஞ்சிலேயே, உன் பங்குக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன்.